கரண்ட் லூப்புன்னா குப்பையா?

இன்னிக்கு கொஞ்சம் சூடாவே எழுதறேன், பொறுத்துக்குங்க.

மாமா வேலை பார்க்கிற மில்லுல ஒரு பழைய மெஷின். அதோட மூளை சீமென்ஸ் எஸ்5 பி.எல்.சி. ப்ரோக்ராம் பேட்டரி தயவுல மெமரியில இருக்கு, காப்பி யார்கிட்டயும் கிடையாது. பவர்கட் நேரத்துல பேட்டரியும் மண்டையப் போட்டா மெஷின் வெறும் இரும்பு. ப்ரோக்ராமை வெளியே எடுக்கலாம்னா அந்த போர்ட் 20 மில்லி ஆம்பியர் கரண்ட் லூப். பார்க்க வந்த விற்பனை ஆசாமி, "மியூசியம் சரக்கு சார், பேனலையே மாத்திடுங்க"ன்னுட்டார். பல லட்சம். நம்ம பொட்டி தட்டும் நண்பர்களும் அதையேதான் சொன்னாங்க.

இங்கதான் எனக்கு எரியுது. தெரியாததுக்கெல்லாம் 'பழசு'ன்னு பேர் வைக்கிறது என்ன பழக்கம்? 1981ல வந்த ஐ.பி.எம். பி.சி.யோட சீரியல் கார்டுலயே கரண்ட் லூப் வசதி இருந்துச்சு. 9 பின் கனெக்டர் வந்தப்ப அதுக்கு இடமில்லாமப் போச்சு, அவ்ளோதான். மட்டமான சரக்குன்னு யாரும் தூக்கல.

ஆர்.எஸ்.-232 பேசறது வோல்டேஜ்ல. தூரம் கூடினா கேபிள்லயே நாறும். ரெண்டு முனையோட கிரவுண்டும் ஒரே அளவுல இல்லைன்னா இன்னும் மோசம். லூப்ல கரண்ட் ஓடினா 1, நின்னா 0. சுத்துக்குள்ள எங்க அளந்தாலும் அதே கரண்ட். சும்மா இருக்கும்போதும் 20 மில்லி ஆம்பியர் ஓடறதால, ஒயர் அறுந்தா உடனே தெரிஞ்சிடும். மோட்டார் இரைச்சலுக்கு நடுவுல எது புத்திசாலித்தனம், நீங்களே சொல்லுங்க.

அடுத்த குட்டு, 'ரெண்டு ரெசிஸ்டர், ஒரு டிரான்சிஸ்டர் போதும்'னு சர்க்யூட் போடற மேதைகளுக்கு. மேஜை மேல ஓடும் சாமி. மில்லுல ரெண்டு கிரவுண்டையும் சேர்த்துக் கட்டினா போர்ட் புகையும். அனுபவஸ்தன் சொல்றேன், என்னோட யூ.எஸ்.பி. அடாப்டர் ஒண்ணு அப்படித்தான் சொர்க்கம் போச்சு. சிலர் ஆப்டோகப்ளர் போடுவாங்க, ஆனா ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சப்ளை. பூட்டைப் போட்டுட்டு சாவியை அதுலயே தொங்கவிடற கதை.

நான் போட்டது இதுதான்: கம்ப்யூட்டர் பக்கம் ஒரு மேக்ஸ்232, நடுவுல போக ஒண்ணு வர ஒண்ணா ரெண்டு 4என்35, கரண்ட் தாங்க டிரான்சிஸ்டர், லூப்புக்குத் தனியா 12 வோல்ட் அடாப்டர். எல்.இ.டி. தின்கிற 1.2 வோல்ட் போக மிச்சத்தை 20 மில்லி ஆம்பியரால வகுத்தா 540 ஓம். 470 ஓம், அரை வாட் போட்டேன். செலவு சில நூறு ரூபாய். ஒரு ராத்திரி மண்டை குடைஞ்சது ஒரே கேள்விக்கு: கரண்ட் கொடுக்கிறது யாரு, வாங்கிக்கிறது யாரு? ரெண்டு பக்கமும் கொடுத்தாலும் வம்பு, ரெண்டும் வாங்கக் காத்திருந்தாலும் வம்பு.

நாலு வருஷ இன்ஜினியரிங்ல பின் நம்பரை மனப்பாடம் பண்ண வெச்சாங்க. இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கல. நானும் கேட்கல, அதையும் சொல்லிடறேன்.

இப்ப ப்ரோக்ராம் மூணு இடத்துல பத்திரம். பேட்டரியும் புதுசு. மெஷின் ஓடுது.

டிஸ்கி: '4-20 மில்லி ஆம்பியர்தானே இது?'ன்னு பின்னூட்டத்துல கும்ம வராதீங்க. அது அனலாக், சென்சார்களுக்கானது. இன்னிக்கும் ஆலைகள்ல ஓடுது. அதையும் மியூசியத்துக்கு அனுப்பிடாதீங்க சாமிகளா!