திருப்பணியும் வரலாறும்

இளமையில் யான் பயின்ற சிற்றூரில் பழைய சிவன் கோயில் ஒன்று இருந்தது. அதன் சுவரெங்கும் எழுத்துக்கள் நிறைந்திருந்தன. எங்கள் தமிழாசிரியர் மாலை வேளைகளில் எங்களை அங்கு அழைத்துச் செல்வார். ஈரத்துணியால் கல்லைத் துடைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கச் செய்வார். ஒரு விளக்கெரிக்க ஆடுகள் அளித்தவன் ஒருவனின் பெயரை யான் முதன்முதலாகப் படித்தறிந்த நாள் இன்றும் நினைவில் உள்ளது. பல்லாண்டு கழித்து அவ்வூருக்குச் சென்றேன். கோயில் புதுப்பொலிவுடன் விளங்கியது. ஆனால், யான் படித்த கல் சுவரில் இல்லை. அது குளத்தின் படியாகத் தலைகீழாய்க் கிடந்தது. எஞ்சிய எழுத்துக்களைச் சுண்ணமும் சாயமும் மூடியிருந்தன. திருப்பணி செய்தோர் தீயவர் அல்லர், பக்தியுடையவரே. அறியாமையால் நேர்ந்த இழப்பு அது. அவ்விழப்பின் அளவை உணர வேண்டுமாயின், நம் நாட்டுக் கட்டடக்கலை வளர்ந்த வகையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பண்டைக் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் ஆனவை. அவை காலவெள்ளத்தில் அழிந்தன. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குன்றைக் குடைந்து கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றியே அதனை ஆக்குவித்ததாக அங்குள்ள கல்வெட்டில் அவன் பெருமிதத்தோடு குறித்துள்ளான். அவனுக்குப் பின் மாமல்லபுரத்தில் பாறைகளையே தேர்களாகச் செதுக்கினர். அவற்றுள் திரௌபதி இரதம் என்று வழங்குவது கூரை வேய்ந்த குடில் போன்றது. கல்லில் கை வைத்த சிற்பி, தான் கண்டு பழகிய குடிலின் வடிவத்தை மறக்கவில்லை என்பதை அது காட்டுகின்றது. அடுத்து, இராசசிம்மன் காலத்தில் கற்களை அடுக்கிக் கட்டும் முறை சிறந்தது. கடற்கரைக் கோயிலும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலும் அவன் எடுப்பித்தவை.

சோழர் காலத்தில் இக்கலை வானளாவ உயர்ந்தது. முதலாம் இராசராசன் தஞ்சையில் எழுப்பிய விமானம் 200 அடிக்கு மேற்பட்டது. அதன் உச்சியில் வைக்கும் செப்புக் குடத்தை அவன் அளித்தது கி.பி. 1010ஆம் ஆண்டில். பிற்காலத்தார் விமானத்தினும் கோபுரத்தையே உயர்த்தினர். ஆயிரங்கால் மண்டபங்களை அமைத்தனர். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் வளைவுகளும் குவிமாடங்களும் இடம் பெற்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் 1892இல் முடிவுற்ற சென்னை உயர்நீதிமன்றக் கட்டடம் பல நாட்டுப் பாணிகளின் கலப்பு. 1959இல் திறக்கப்பட்ட சென்னை எல்.ஐ.சி. கட்டடம் 14 மாடிகளோடு நிமிர்ந்தது. பழைய மரபும் அற்றுப் போகவில்லை. திருவரங்கத்தின் இராசகோபுரம் 1987இல்தான் நிறைவெய்தியது.

இவற்றால் விளங்குவது யாது? மாற்றம் இக்கலையின் இயல்பு. ஆதலின், பழையதைத் தொடவே கூடாது என்று கூற வந்தேன் அல்லேன். பாழடைந்த கோயிலைப் புதுக்காவிடின் அது மண்ணோடு மண்ணாகும். வழிபடுவோர்க்கு இடமும் இராது. புதுக்குவது கடனே. எவ்வாறு புதுக்குவது என்பதே வினா.

இவ்வினாவுக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே விடை தந்தவர் ஓர் அரசியார். கண்டராதித்த சோழரின் தேவியாகிய செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிக்காவில் அவ்வாறு செய்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். அவை தம் குலத்தார் புகழை மட்டும் கூறுவன அல்ல. முன்னோர் பிறர் அளித்த அறங்களையும் கூறுவன. பழைய சுவர் போயிற்று. அதன் சொல் போகவில்லை. இதுவன்றோ திருப்பணி!

எழுத்து அழிந்தால் என்ன என்று வினவுவார் உளர். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்தவன் யார் என்பதையே நாம் ஒருகால் மறந்திருந்தோம்! வேறு சோழன் கட்டினான் என்று கதைகள் வழங்கின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டுக்களைப் படித்து, அவன் இராசராசனே என நிறுவினார். அக்கல்வெட்டுக்களில் அரசன் பெயர் மட்டுமா உள்ளது? குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சன் பெயரும், 400 ஆடல் மகளிரின் பெயர்களும், அவர்கள் வாழ்ந்த தெருக்களும் உள்ளன. யாரேனும் ஒருவர் அழகு செய்யக் கருதி அச்சுவரைத் தேய்த்திருப்பின், அத்துணைப் பேரும் இரண்டாம் முறை மாண்டிருப்பர்.

பழையதும் புதியதும் ஒருங்கே வாழவும் கூடும். அக்கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள நடையில், நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னர்த் தொல்லியல் துறையினர் மேற்படலத்தைப் பக்குவமாகப் பெயர்த்துத் தனியே பேணினர். ஒன்றைக் காக்க மற்றொன்றை அவர்கள் அழிக்கவில்லை.

மாணவர்களே! பெருங்கோயில்களைக் காக்க அரசும் அறிஞரும் உளர். உங்கள் ஊர்ச் சிறுகோயிலையும் பழைய சாவடியையும் குளக்கரைக் கல்லையும் காப்பவர் யார்? நீங்களே. எழுத்துள்ள கல்லைக் கண்டால் அதன்மேல் சாயம் பூச விடாதீர்கள். கல்லை அகற்றுமுன் அறிந்தவரைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். உங்கள் ஆசிரியரிடம் கூறுங்கள். தொல்லியல் துறையினர்க்குத் தெரிவியுங்கள். நாளை நீங்களே திருப்பணி செய்யும் நிலையில் இருப்பீர்கள். அன்று, கட்டுவதற்குக் கை நீட்டுமுன் படிப்பதற்குக் கண் திறவுங்கள்.