பழைய பொருளுக்கும் நியாய விலை உண்டு: இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

பழைய பொருள் வாங்குவோரே, விற்போரே,

கல்லூரியில் சேர்ந்த மகளுக்கு ஒரு லேப்டாப், வேலைக்குப் போகத் தொடங்கிய மகனுக்கு ஒரு பைக், தனிக்குடித்தனம் வைத்த வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ். நம் ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்குள் இவையெல்லாம் முதன்முதலில் வந்தது செகண்ட் ஹேண்டாகத்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விற்றவர் கையில் நாலு காசு புரள்கிறது. வாங்கியவருக்கு வட்டிக்குக் கடன் வாங்காமல் காரியம் நடக்கிறது. நல்ல பொருள் குப்பைக்குப் போகாமல் தப்புகிறது. சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிப் படித்து ஆளானவர்களும், புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் தேடி வண்டியை ஓட்டியவர்களும் வாழ்ந்த நாடு இது.

அந்தச் சந்தை இன்று கைபேசிக்குள் வந்துவிட்டது. கூடவே இரண்டு கேடுகளும் வந்தன. ஒன்று, ஆதாரமில்லாமல் ஏற்றப்படும் விலை. மற்றொன்று, அப்பட்டமான மோசடி. இரண்டிலும் அடிபடுபவர் ஒருவரே: புதிதாக வாங்க வசதியில்லாதவர், சேமித்த பணத்தை ஒரே முறைதான் செலவழிக்க முடிந்தவர். அவருக்காகவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

நாங்கள் காண்பது: மோசடி

ஒரு பெண் தன் வீட்டுச் சோபாவை விற்க விளம்பரம் போடுகிறார். சற்று நேரத்தில் அழைப்பு வருகிறது. பேசுபவர் தன்னை ராணுவ வீரர் என்று சொல்லிக்கொள்கிறார். சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்து விழுகின்றன. சோபாவைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, விலையைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. "பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்" என்கிறார். நம்பிக்கை வரட்டும் என்று முதலில் ஒன்றிரண்டு ரூபாய் அனுப்பியும் காட்டுகிறார். அந்தப் பெண் ஸ்கேன் செய்கிறார், கேட்ட இடத்தில் பின் நம்பரைப் போடுகிறார். பணம் வருவதற்குப் பதிலாக அவர் கணக்கிலிருந்து போய்விடுகிறது. "தவறாகிவிட்டது மேடம், திருப்பி அனுப்புகிறேன்" என்று இன்னொரு கியூஆர் வருகிறது. அதிலும் போகிறது.

யுபிஐயில் பணம் பெறுவதற்கு எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. பின் நம்பர் பணம் கொடுப்பதற்கே, வாங்குவதற்கு அல்ல. இந்த ஒரு செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தால் இந்த மோசடி நாளையே படுத்துவிடும். தெரியாதவரைக் குறை சொல்லாமல், தெரியப்படுத்துவதையே எங்கள் முதல் வேலையாக எடுத்துக்கொள்கிறோம்.

வாங்குபவருக்கு வேறொரு வலை. நல்ல நிலையில் உள்ள புல்லட் ஒன்று பாதி விலைக்கு விளம்பரத்தில் நிற்கிறது. ஆர்சி புக் படம்கூட இருக்கிறது. அது எங்கோ வேறொருவர் வண்டியின் ஆர்சி. "எனக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, வண்டி பார்சல் ஆபீஸில் இருக்கிறது, டோக்கன் அட்வான்ஸ் மட்டும் போடுங்கள்" என்பார்கள். பிறகு பார்சல் கூலி, அதன்பின் வரி, அதன்பின் இன்சூரன்ஸ், கடைசியில் தாமதக் கட்டணம். முதலில் போட்ட பணம் வீணாகிவிடுமே என்ற பயத்தில் அடுத்த தொகையைப் போடுகிறார் வாங்குபவர். அந்தப் பயத்தை வைத்தே மோசடிக்காரர் பிழைக்கிறார்.

பழைய நாணயமும் நோட்டும் இன்னொரு கதை. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கும், 786 என்று முடியும் நோட்டுக்கும் லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று ஆசை காட்டி, "பதிவுக் கட்டணம்", "கமிஷன்" என்று பணம் பறிக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தினார்கள். தாங்கள் அப்படி எந்த வியாபாரமும் செய்வதில்லை, யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரிக்க வேண்டிவந்தது.

நாங்கள் காண்பது: ஏற்றிய விலை

மோசடியை எல்லோரும் குற்றம் என்று ஒப்புக்கொள்வார்கள். விலை ஏற்றத்தை மட்டும் "வியாபார சாமர்த்தியம்" என்று விட்டுவிடுகிறோம். அதை நாங்கள் ஏற்கவில்லை.

இந்தத் தளங்களில் விலை எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். கேட்கும் விலை எல்லோர் கண்ணிலும் படுகிறது, விற்ற விலை யாருக்கும் தெரிவதில்லை. பழைய போனை விற்க நினைப்பவர் பக்கத்து விளம்பரத்தில் இருக்கும் தொகையைப் பார்த்துத் தன் விலையை வைக்கிறார். அந்தப் பக்கத்து விளம்பரம் மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பது அவருக்குத் தெரியாது. ஒரு புரோக்கர் ஒரே பொருளை நாலு பெயரில், நாலு படத்தில், உயர்ந்த விலைக்குப் போட்டுவைத்தால் போதும், அந்த வட்டாரத்தின் விலையே அதுவாகிவிடுகிறது. புதுப் போனின் விலை பண்டிகைத் தள்ளுபடியில் இறங்கினாலும் பழையதன் விலை இறங்குவதில்லை. வாரண்டி முடிந்து, பேட்டரி தேய்ந்து, டிஸ்ப்ளே மாற்றிய போனுக்குப் புதிய போனோடு ஒட்டிய விலை கேட்கிறார்கள். "சிங்கிள் ஓனர்", "ஷோரூம் கண்டிஷன்", "அர்ஜென்ட் சேல்" என்ற சொற்களைத் தவிர அந்த விலைக்கு வேறு ஆதாரம் கிடையாது.

வண்டியில் மீட்டரைத் திருப்பி ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுகிறார்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவித் துடைத்துச் சீட்டு உறை மாற்றி விற்கிறார்கள். இவற்றை உயர்ந்த விலை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. உண்மையை மறைத்து வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் மோசடிப் பணமே.

இதன் மறுபக்கமும் உண்டு. மருத்துவச் செலவுக்கு அவசரமாக விற்க வருபவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, மறுநாளே இரு மடங்குக்கு விளம்பரம் போடுபவர்களும் இதே சந்தையில்தான் இருக்கிறார்கள். விற்பவருக்கும் நியாயம் வேண்டும் என்று கேட்கிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது

புதிய பொட்டலப் பொருளில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது. பழைய பொருளுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு பொருளின் நிலையும் வேறு. ஆகவே விலைக்கு அரசு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. விலைக்குப் பின்னால் உள்ள உண்மையைக் காட்ட வேண்டும் என்று கேட்கிறோம்.

மோசடியைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு ஏமாற்றுக் குற்றத்தைச் சொல்கிறது. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-இல் மின்வணிக விதிகள் வந்தன. தொழிலாக, தொடர்ந்து செய்யாமல் சொந்த முறையில் விற்கும் தனிநபருக்கு அவை பொருந்தாது. தன் பழைய சைக்கிளை விற்கும் ஒருவரை அலைக்கழிக்க வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விலக்கு அது. இன்று வாரம் பத்து போன் விற்கும் வியாபாரி "என் சொந்த யூஸ் சார்" என்று சொல்லிக்கொண்டு அந்த விலக்குக்குள் ஒளிந்துகொள்கிறார். வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எதிரே நிற்பவர் வியாபாரி என்பதை நிரூபிக்கவே திண்டாட வேண்டியிருக்கிறது.

எங்கள் கொள்கைகள்

1. பார்க்காமல் பணம் இல்லை. பொருளை நேரில் பார்த்து, இயக்கிச் சோதித்த பிறகே பணம். அட்வான்ஸ் ஒரு ரூபாயானாலும் இதுவே விதி.

2. ஆதாரமில்லாமல் விலை இல்லை. வாங்கிய ஆண்டு, வாங்கிய விலை, பழுது பார்த்த விவரம், இன்று புதியதன் விலை ஆகிய நான்கையும் சொல்பவரே நியாயமான விற்பனையாளர்.

3. ரசீது இல்லாமல் பொருள் இல்லை. வெள்ளைத் தாளானாலும் போதும்: இருவர் பெயர், தேதி, தொகை, பொருளின் வரிசை எண், கையெழுத்து.

4. பெயர் மாற்றாமல் வண்டி இல்லை. ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி மேல் ஃபைனான்ஸ் இருந்தால் கடன் கொடுத்தவரின் என்ஓசி கைக்கு வரும்வரை முழுப் பணம் கொடுக்கக் கூடாது.

5. எண்ணைச் சோதிக்காமல் போன் இல்லை. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். அது பில்லிலும் பெட்டியிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் போன் முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். முடக்கிய போனை மலிவு என்று வாங்குபவர், அதைப் பறிகொடுத்தவரின் வலிக்குத் துணைபோகிறார்.

எங்கள் கோரிக்கைகள்

விற்பனைத் தளங்களிடம்: தொடர்ந்து விற்பவரை வியாபாரி என்று வெளிப்படையாகக் குறியுங்கள். விற்ற விலையைப் பெயரில்லாமல் வெளியிடுங்கள். விளம்பரம் முதலில் வந்த தேதியையும் விலை மாறிய வரலாற்றையும் காட்டுங்கள். ஒரே படம் பல பெயர்களில் வந்தால் நீக்குங்கள். போன் விளம்பரத்துக்கு ஐஎம்இஐ சோதனையைக் கட்டாயமாக்குங்கள். விளம்பரத்தை மேலே தூக்கிக்காட்டப் பணம் வாங்கும் நீங்கள், அந்த விளம்பரத்தின் உண்மைக்கும் ஓரளவு பொறுப்பேற்க வேண்டும். தமிழில் புகார் சொன்னால் தமிழில் பதில் சொல்லுங்கள்.

பணப் பரிமாற்ற அமைப்புகளிடம்: பின் நம்பர் கேட்கும் திரையில் "உங்கள் பணம் போகிறது" என்று பெரிய எழுத்தில், தாய்மொழியில் காட்டுங்கள். தனிநபர்களுக்கிடையே பணம் கேட்டு அனுப்பும் யுபிஐ வசதியை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது. மனது வைத்தால் மோசடிக்கான வழியை அடைக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது. மீதி வழிகளையும் அடைத்துவிடுங்கள்.

அரசிடமும் காவல்துறையிடமும்: தொகை சிறியது என்று புகாரைத் தள்ளாதீர்கள். நாலாயிரம் ரூபாய் ஒரு கூலித் தொழிலாளிக்குப் பல நாள் உழைப்பு. ஒவ்வொரு காவல் நிலைய வளாகத்திலும் இருவர் சந்தித்துப் பொருள் மாற்றிக்கொள்ள, கேமரா உள்ள ஓரிடத்தை ஒதுக்குங்கள். மீட்டர் திருப்புபவர்மீது ஏமாற்று வழக்குப் போடுங்கள். தனிநபர் போர்வையில் வியாபாரம் செய்வதைத் தடுக்க மின்வணிக விதிகளில் தெளிவான எண்ணிக்கை வரம்பு கொண்டுவாருங்கள்.

எங்கள் வேலைத்திட்டம்

தெருவுக்கு ஒரு விலைப் பலகை வைப்போம். பொருளின் வகை, வயது, நிலை, உண்மையில் கைமாறிய தொகை ஆகியவற்றை உறுப்பினர்கள் எழுதுவார்கள். புரோக்கர் சொல்லும் விலைக்கு எதிரே மக்கள் கண்ட விலை நிற்கும். போன், லேப்டாப், வண்டி பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் மாணவர்களும் வாங்கப் போகிறவருடன் துணைக்குப் போவார்கள். கமிஷன் வாங்க மாட்டார்கள். முதியோர் சங்கங்களிலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் கியூஆர் மோசடியை நடித்தே காட்டுவோம்.

பணம் இழந்தவரை ஒருபோதும் கேலி செய்ய மாட்டோம். "படிச்சவங்கதானே, இதுகூடத் தெரியாதா?" என்ற ஒரு கேள்விதான் பலரைப் புகார் கொடுக்கவிடாமல் தடுக்கிறது. வெட்கப்பட வேண்டியவர் ஏமாற்றியவர். புகார் கொடுக்கக் கூடவே போவோம்.

உறுதிமொழி

என் பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பேன். எனக்குத் தெரிந்த நியாய விலைக்கு மேல் கேட்க மாட்டேன். அவசரத்தில் விற்பவரின் இயலாமையை என் லாபமாக்க மாட்டேன். ஆதாரமில்லாத பொருளை எவ்வளவு மலிவானாலும் வாங்க மாட்டேன். ஏமாற்றைக் கண்டால் தளத்திலும் காவல்துறையிலும் புகார் செய்வேன்.

இதை ஏற்பவர் எவரும் உறுப்பினர்தான். சந்தா கிடையாது, சாதி, மத, கட்சிப் பேதம் கிடையாது. நேர்மையாகத் தொழில் செய்யும் செகண்ட் ஹேண்ட் கடைக்காரர்களையும் அழைக்கிறோம். மோசடிக்காரர்களால் உங்கள் பெயரும்தான் கெடுகிறது.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உங்கள் போனிலும், உங்கள் அம்மா அப்பா போனிலும் பதிந்துவையுங்கள். பணம் பறிபோனால் யாரையும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே அந்த எண்ணுக்கு அழையுங்கள். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும் முன் தகவல் போய்ச் சேர்ந்தால் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கு லாபம். பதிந்துவிட்டு, பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். அதுவே இந்த இயக்கத்தில் நீங்கள் செய்யும் முதல் பணி.