எந்த மரம்?

பரிசுக் குழுக்களின் மேல் நமக்குப் பிரியம் கிடையாது, வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் மூலிகைச் செடிகளை வரைந்த ஒருவருக்கு இம்முறை பரிசு போய்விட்டது என்பதற்காக, தாவரச் சித்திரம் கலையே அல்ல, கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஊழியம் செய்த பிரதியெடுப்பு என்று சக இதழ் ஒன்று தீர்ப்பெழுதியிருப்பதைச் சும்மா விட மனமில்லை.

ஊழியம்தான், யார் மறுத்தது? ராபர்ட் வைட் கும்பினி மருத்துவர். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட ‘ஐகோன்ஸ்’ தாவர நூலின் ஆறு தொகுதிகளில் 2101 சித்திரங்கள். அவருக்காக முதலில் ரங்கையாவும் பிறகு கோவிந்துவும் வரைந்தார்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரை வைத்தார். பின்வந்த வகைப்பாட்டியல் அதையும் வேறொரு பேரினத்தில் கரைத்துவிட்டது. சம்பளம் கொடுத்தவன் யார் என்பதை வைத்துக் கலையை அளப்பதென்றால், தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களையும் சுண்ணாம்படித்துவிடலாம்.

பிரதியெடுப்பு என்பதுதான் உறுத்துகிறது. கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். காய்கள் இலைகளுக்கு அடியில் வரிசையாகத் தொங்கும். மேலிருந்து பார்ப்பவனுக்கு இலைதான் கிடைக்கும். கிளையைப் புரட்ட வேண்டும், எந்த அளவு புரட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும். கீழாநெல்லி எனப்படும் ஃபில்லாந்தஸ் அமாரஸ் பூவுக்குப் புல்லியிதழ் ஐந்து. பார்வைக்கு அதேபோலிருக்கும் ஃபிராடெர்னஸுக்கு ஆறு. கடுகளவுப் பூவில் ஓர் இதழ் கூடிவிட்டால் செடியே மாறிப்போகும். மருந்துச் சரக்கில் இவை கலந்து வருவது பழைய கதை. தவறாகிவிடக்கூடும் என்ற அச்சத்தோடு இழுக்கப்படும் கோடு அது. அந்த அச்சம் இல்லாத கோட்டை மட்டும் கலை என்பது என்ன நியாயம்?

கோடு தன்னைத் தவிர எதையும் குறிக்க வேண்டாம் என்று சொல்லித் திரிந்தவர்கள்தாம் நாமும். சோழமண்டல ஓவியர் கிராமத்துப் பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசை மேல் இன்றைக்கும் மயக்கம் உண்டு. வாசிக்க முடியாத அந்த எழுத்தை யாரும் பிழைதிருத்த முடியாது. அந்தச் சுதந்திரத்தை அவர் போராடிப் பெற்றார்; பின்னால் வந்தவர்களுக்கு அது இலவசமாகக் கிடைத்தது.

நாம் இருக்கும் இதே திருச்சியில், மன்னார்புரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில், தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. அங்கே உழைத்த சேசு சபைப் பாதிரியார் கே.எம். மேத்யூ, தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களுக்கு 1982இல் தனியே ஒரு சித்திரத் தொகுதி கொண்டுவந்தார். நம் ஓவிய விமர்சகர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்பார்கள்?

கவிஞர்கள் மட்டும் என்ன வாழ்கிறதாம்? புதுக்கவிதையில் ஐம்பது வருஷமாக ஒரே மரம் நிற்கிறது. என்ன மரம் என்று கேட்டால் படிமம் என்கிறார்கள். கபிலர் 99 பூக்களை அடுக்கியதும் பிரதியெடுப்புத்தானா என்று சக இதழ்தான் சொல்ல வேண்டும்.

பரிசு யாருக்கும் போகட்டும். இனி நமக்கு வரும் கவிதையில் மரம் இருந்தால், எந்த மரம் என்று கேட்டு ஒரு தபால் அட்டை போடுவோம். பதில் வராத கவிதை அச்சேறாது.