புதுவை மறந்த நீலம்

அமெரிக்க ஆலைகள் காலத்துக்கு ஒவ்வாதது என்று கைவிட்ட ஒரு நெசவு முறையை ஜப்பானியர் சிரத்தையோடு போற்றிக் காத்து, அதில் நெய்த நீலத் துணியினால் பழைய பாணியில் தைத்த டெனிம் ஜாக்கெட்டுகளை இன்று உலகெங்கும் உயர்ந்த விலைக்கு விற்கிறார்கள் என்பதையும், அவற்றைத் தேடி வாங்கி அணியும் இளைஞர்கள் நமது புதுச்சேரியிலும் இருக்கிறார்கள் என்பதையும் நோக்கும்போது, அவர்கள்மேல் குறை காண எனக்குத் தோன்றவில்லை. நீலத் துணிக்கென்றே ஒரு காலத்தில் கண்டங்கள் கடந்து பேர்பெற்ற இந்நகரம் தன் நீலத்தை மறந்து நிற்கிறதே என்னும் வருத்தந்தான் மேலிடுகிறது.

அந்த ஜப்பானியத் துணியின் விசேஷம் அதன் ஓரத்திலிருந்து தொடங்குகிறது. நாடா இடமும் வலமுமாக ஓடி, ஊடையை அறுக்காமல் திரும்பக் கொண்டுவரும் தறியில், துணியின் இருபுறமும் நூல் மடங்கித் தானே கரை கட்டிக்கொள்கிறது. வேட்டியும் புடவையும் உடுக்கும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. நாடா இல்லாத அகலத் தறிகள் வந்தபின் உற்பத்தி பலமடங்கு பெருகியது, ஓரமோ பிசிறாயிற்று. அமெரிக்காவில் பழைய தறிகளைக் கடைசிவரை ஓட்டிவந்த பெரிய ஆலையாகிய வட கரோலினாவின் ஒயிட் ஓக் 2017-இல் மூடப்பட்டது. ஜப்பானிலோ, ஒக்கயாமா மாகாணத்துக் கொஜிமா முதலிய ஊர்களையொட்டி, 1924-இல் டொயோடா சாகிச்சி உருவாக்கிய தானியங்கித் தறியின் வழிவந்த இயந்திரங்கள் இன்றும் எண்ணெயிட்டுப் பேணப்பட்டு, ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் அகலத் துணியை நிதானமாக நெய்து தருகின்றன. பாவை மிக இறுக்கி இழுக்காத அந்த நிதானத்தினால் துணியின் முகத்தில் மெல்லிய மேடுபள்ளங்கள் உண்டாகின்றன. பாவு நூலை மட்டும் கயிறுகளாகச் சேர்த்துப் பலமுறை நீலத்தில் முக்கியெடுப்பதால், சாயம் நூலின் மேற்புறத்திலேயே தங்கி உள்ளே வெண்மை எஞ்சுகிறது. ஆகவே முழங்கையிலும் மடிப்பிலும் தேயத் தேய, உடுத்தியவருடைய சரீரத்தின் பழக்கங்களே அதில் சித்திரமாகின்றன.

ஆயினும் கரை இருப்பதனாலேயே ஒரு துணி உத்தமமாகிவிடாது. மட்டமான பஞ்சு நூலையும் நாடாத் தறியில் நெய்யலாம். வாங்குவோர் மடிப்பைப் புரட்டி, கரையில் ஓடும் சிவப்பு நூலைக் கண்டதும் திருப்தியடைந்துவிடாமல், நூலின் தரத்தையும் சாயத்தின் ஆழத்தையும் தொட்டறிந்து வாங்குவதே விவேகம்.

அளவைப் பற்றியும் அத்தகைய விவேகம் தேவை. ஜப்பானியர் பெரிதும் பின்பற்றுவன, இடப்புற மார்பில் ஒற்றைப் பையும் முன்புறம் தைத்த மடிப்புகளும் முதுகின் கீழே இறுக்கும் வாரும் உடையதாக லீவைஸ் நிறுவனம் 1950-களின் தொடக்கம் வரை தைத்துவந்த வடிவமும், இரு பைகளோடு 1953-இல் வந்த அடுத்த வடிவமும் ஆகும். கால்சட்டையைத் தொப்புள் மட்டத்தில் அணிந்த உழைப்பாளிகளுக்காக வெட்டப்பட்டமையால் அவை இடுப்போடு நின்றுவிடுகின்றன. உடலிலோ தளர்ந்து அகன்றிருக்கின்றன. நீளம் போதவில்லையென்று பெரிய அளவை வாங்கினால் தோள் தையல் புஜத்தில் இறங்கிவிடும். ஆகையால் தோள் பொருந்துகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். முன்கூட்டிச் சுருக்காத துணியாயின், முதல் நனைப்பில் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கக்கூடும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். துணியின் அகலமே வெட்டை ஆண்டது என்பதற்கு ஓர் அழகிய சான்றுண்டு: பருத்த உடலினருக்கான பழைய ஜாக்கெட்டுகளில், குறுகிய துணி முதுகுக்குப் போதாமற் போகவே, நடுவில் தையலிட்டு இரு துண்டுகளை இணைத்தார்கள், அந்தத் தையலுக்காகவே அவற்றைச் சேகரிப்போர் இன்று தேடி அலைகிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர் ‘கினே’ என்றழைத்த புதுச்சேரி நீலத்துணி, பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிருந்து கப்பலேறி, பிரான்சின் போர்தோ துறைமுகம் வழியாக, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நதிக்கரையை அடைந்தது. பாலைவன விளிம்பில் வாழ்ந்த மூர் மக்கள் வேல மரத்துப் பிசினைக் கொடுத்து அதை வாங்கினார்கள். அப்பிசினோ ஐரோப்பாவில் சீட்டித் துணிக்கு அச்சிடும் தொழிலுக்கு இன்றியமையாததாயிருந்தது. காலக்கிரமத்தில் அந்நதிக்கரையில் நம் துணியே நாணயமாக வழங்கி, பண்டங்களின் விலை இத்தனை துண்டுத் துணி என்று பேசப்பட்டது. பிரான்சின் ரூவான் நகரத்து ஆலைகள் அதைப்போலவே செய்தனுப்பிய துணியால் அதன் இடத்தைப் பிடிக்க முடியவில்லை. நிறத்தையும் மணத்தையும் கொண்டே புதுவைத் துணியை அம்மக்கள் இனங்கண்டார்கள்.

அந்நிறம் பிறந்த விதம் ஆச்சரியமானது. அவுரியை ஊறவைத்து, அந்நீரைக் கடைந்தெடுத்த நீலக் கட்டியை, சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தாழியில் புளிக்க வைப்பது தென்னாட்டுச் சாயக்காரரின் வழக்கம். நீரில் கரையாத நீலம் புளித்த தாழியில் கரைந்து பசுமஞ்சளாக மாறும். அதில் தோய்ந்த துணி காற்றுப் பட்டவுடன் கண்ணெதிரே நீலமாகும். டெனிமின் நீலமும் இந்த இரசாயனத்தின் வழியே வந்ததுதான். 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தபின் இலையின் இடத்தை ஆலை பிடித்துக்கொண்டது. கினேயும் டெனிமும் ஒன்றல்ல: அது சாதாரண நெசவில் நெய்து முழுத்துணியாகச் சாயமேற்றியது, இது பாவில் மட்டும் சாயமேறிய சாய்வரி நெசவு. எனினும் நாடாவும் கரையும் நீலமும் இரண்டுக்கும் பொது.

கைத்தறியில் வளர்ந்த அவ்வர்த்தகத்தை, 1820-களின் இறுதியில் தோன்றிய சவானா ஆலை இயந்திரத்துக்குக் கொண்டுசென்றது. 1898-இல் ரோடியர் ஆலை எழுந்து, பின்னர் ஏ.எஃப்.டி. என்று பெயர்பெற்றது. 1936 ஜூலை 30 அன்று, தம் உரிமைகளுக்காகப் போராடிய சவானாத் தொழிலாளர்மேல் பிரெஞ்சு அரசின் காவற்படை சுட்டதில் பன்னிருவர் மாண்டனர். அதன்பின்னரே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. இந்நகரத்துத் துணியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இவர்களை விட்டுவிட்டுப் பேசலாகாது. ஏ.எஃப்.டி. 2020-இல் மூடப்பட்டது.

அரசுக்கு என் கோரிக்கை ஒன்று உண்டு. ஜப்பானியரின் 14 அவுன்ஸ் துணியை நாம் நகலெடுக்க வேண்டுவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி வியர்க்கும் இக்கடற்கரைச் சீதோஷ்ணத்தில் அது தேகத்துக்கு உபாதை. சதுர கஜத்துக்கு ஏழெட்டு அவுன்சுக்கு மேற்படாததாய்க் கைத்தறியில் கரை கட்டி நெய்த நீலத் துணியில், அக்குளில் காற்றோட இடம் விட்டு, இடுப்புக்குச் சற்றுக் கீழிறங்கும் மேற்சட்டை ஒன்றை இந்நகரத்தின் பெயராலே உருவாக்கலாம். குஜராத்தின் கோண்டலில் கையால் நூற்றுக் கையால் நெய்த கதர் டெனிம் அமெரிக்காவின் பட்டகோனியா நிறுவனம் வரை சென்றிருக்கிறது. அவுரி திண்டிவனம் பக்கத்தில் இன்றும் பயிராகிறது. ஆரோவில்லில் இயற்கை நீலத்தில் சாயமேற்றுவோர் இருக்கிறார்கள். மூடிக்கிடக்கும் ஆலைக் கூடங்களில் ஒன்றைத் தறிகளுக்கும் தாழிகளுக்கும் ஒதுக்கி, பழைய தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளை முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிதானமாக நெய்ய வேண்டிய துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி கொடுத்தால் நெசவாளர் அவசரப்படவே நேரும். ஆகையால் மாதந்தவறாத சம்பளம் என்பதை முதல் விதியாக எழுதி வைத்துக்கொண்டே இக்காரியத்தைத் தொடங்க வேண்டும்.