பறித்தவன் அரியட்டும்

கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆகிறது. இரண்டு நாள் மழை, ஒரு நாள் வெயில். விடியற்காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் முகத்தில் ஜில்லென்று அடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்கள் முசே குளிர்காலத்தைப் பற்றி 'திக்தே' கொடுப்பார். கூரையில் பனி, இலை உதிர்ந்த மரம், கணப்பு அடுப்பு, கம்பளிக் கையுறை. அரைக்கால் சட்டை போட்ட நாங்கள் வியர்வை வடிய வடியப் பிழையில்லாமல் எழுதுவோம். அந்தப் பாடத்தில் குளிர் வந்தால் தோட்டம் தூங்கிவிடும். நம் புதுச்சேரியில் நேர்மாறு. இங்கே குளிர் எட்டிப் பார்க்கும்போதுதான் தோட்டம் கண் விழிக்கும்.

ஆடியில் ஊன்றிய அவரை, கொடியும் இலையுமாகப் பந்தலை மூடிக்கொண்டு சும்மா கிடக்கும். பகல் குறுகத் தொடங்கினால்தான் அதற்குப் பூக்கத் தோன்றும். கார்த்திகையில் பூ, காய் இரண்டும் சேர்ந்தே வரும், மார்கழி, தை என்று நிற்காமல் காய்க்கும். ஆவணியில் நட்ட கத்தரியும் இப்போதுதான் காய்க்கும். மொச்சை பொங்கலுக்கு வந்துவிடும். சேப்பங்கிழங்கும் சேனையும் மண்ணுக்குள் முற்றிக்கொண்டிருக்கும். முருங்கையில் காய் இருக்காது, கீரை இருக்கும். அதனால்தான் வருஷா வருஷம் மார்கழியில் முருங்கைக்காய் விலையைக் கேட்டு மயக்கம் போடுகிறோம். மரம் நம்மை ஏமாற்றவில்லை. அதற்குக் காய்க்கும் காலம் இதுவல்ல.

இதே காலத்தில் என் கைப்பேசியிலும் அறுவடை தொடங்கிவிடும். என் வயதுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஆளுக்கொரு மாடித் தோட்டமோ கொல்லையோ வைத்திருப்பவர்கள், காலை ஆறரை மணிக்கெல்லாம் படம் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். கூடையில் அவரை, முறத்தில் கத்தரி, தட்டில் வெண்டை. கீழே "மருந்தடிக்காதது, நம்ம வீட்டுது" என்று ஒரு வரி. எல்லோரும் கைகூப்பிய பொம்மை போடுவார்கள். நானும் போடுவேன். ஆனால் கொஞ்ச காலமாக ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்கிறேன்: "ரொம்ப சந்தோஷம் சார். அரிந்தது யார்?"

இதற்கு இதுவரை இரண்டே பேர்தான் பதில் போட்டார்கள். ஒருவர் "ஹாஹா" என்றார். இன்னொருவர் அன்றைக்கே குழுவிலிருந்து விலகிவிட்டார். போனால் போகட்டும். கேட்கவேண்டியதைத்தான் கேட்டேன்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. இந்தக் குற்றத்தில் முதல் பெயர் என்னுடையதுதான். லாஸ்பேட்டைச் செம்மண்ணில் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து கொல்லையில் எனக்கு மூன்று அவரைப் பந்தல். முப்பத்தாறு வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு மாரடித்தவன் நான். மார்கழி வந்தால் அலுவலகத்துக்குப் பை பையாக அவரைக்காய் கொண்டுபோய்க் கொடுப்பேன். மேலதிகாரியிலிருந்து கடைநிலை ஊழியர் வரை என்னை 'அவரைக்காய் ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது. அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு அவரைக்காய்க்குக்கூட நான் நார் உரித்ததில்லை. கூடையைச் சமையலறை வாசலில் வைத்துவிட்டு, "இந்தா, ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவேன்.

2018 ஐப்பசியில் ஒரு நாள் காலை, "மழை வர்றதுக்குள்ள அந்தக் காயைப் பறிச்சுடேன்" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு நான் பால் வாங்கப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி. வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மகள் வெளியூரில். மெஸ்ஸில் சொல்லி எடுப்புச் சாப்பாடு வாங்கினோம். நான்காம் நாள் அவள், "ஏங்க, கொடியில காய் முத்திப் போகுதுங்க" என்றாள். நான் போய்ப் பறித்தேன். பறித்துக்கொண்டு வந்த பிறகுதான், கூடையை வைக்க அந்தப் பக்கம் ஆள் இல்லை என்பது உறைத்தது.

கால் கிலோ அவரை. இரண்டு ஓரத்திலும் நார் உரிக்க வேண்டும், ஒவ்வொரு காயையும் பிரித்துப் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து கத்தரி. அரிந்தவுடன் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும், எனக்குக் கறுத்தது. ஒரு கொத்து முருங்கைக்கீரை. மழைக்காலத்தில் அதில் கம்பளிப்பூச்சி உட்கார்ந்திருக்கும், கை முழுக்கத் தடித்தது. ஒரு வாழைப்பூ. ஒவ்வொரு பூவிலும் அந்த வேகாத நரம்பைக் கிள்ளி எறிந்து மோர்த் தண்ணீரில் போட வேண்டும். கையில் முதலில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கறை போக ஒரு வாரம் ஆயிற்று. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவன் இரண்டு மணிக்குச் சோறு போட்டேன். அவள் சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

குமாஸ்தா புத்தி போகுமா? ஒரு பழைய நோட்டில் நேரம் குறிக்க ஆரம்பித்தேன். தண்ணீர் விடுவது, களை எடுப்பது, பறிப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 35 நிமிஷம். அப்படிப் பறித்ததை மண் போக அலசி, ஆய்ந்து, அரிந்து, சமைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்க்க 2 மணி 40 நிமிஷம். நான் கற்றுக்குட்டி, அதனால் கூடுதல் ஆகும் என்று வையுங்கள். அவளுக்கு அதில் பாதி என்றே வைத்தாலும், தோட்டத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த நோட்டு கையில் இருக்கும்போது "என் தோட்டம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைக் காய்க்கு இவ்வளவு வேலை கிடையாது. கோஸ், காரட், சௌசௌ எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி. (பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு இவற்றை நாம் 'இங்கிலீஷ் காய்' என்கிறோம்!) வீட்டுக் காய் அப்படி வராது. இன்றைக்குக் கைப்பிடி அவரை, ஏழு வெண்டை, ஒரே ஒரு பாகல். எதுவும் ஒரு பொரியலுக்குக் காணாது. எதை எதோடு சேர்ப்பது, எது நாளை வரை தாங்கும், எது இன்றே ஆக வேண்டும் என்று யோசிப்பதே ஒரு வேலை. அந்த வேலையை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. பூச்சி மருந்து அடிக்கவில்லை என்று பெருமைப்படுகிறோமே, அதற்கு அர்த்தம் என்ன? பூச்சியை வேறொருவர் கையால் பொறுக்குகிறார் என்பதுதான்.

நண்பர்கள் சொல்லும் சமாதானங்கள் எனக்கு மனப்பாடம். "அவளுக்கு அதுல ஒரு திருப்தி சார்." கேட்டுப் பார்த்தீர்களா? நான் முப்பது வருஷம் கேட்கவில்லை, ஆகையால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்ல முடியும். "இந்த வயசுல புதுசா என்னத்தைக் கத்துக்கறது?" பிரெவே வரை பிரெஞ்சில் படித்தவன், வேலைக்குச் சேர்ந்ததும் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதக் கற்றேன். ஓய்வு பெறப்போகும் நேரத்தில் கணினியும் கற்றேன். நார் உரிப்பது அதைவிடக் கஷ்டமா? "முட்டி வலி, தரையில உட்கார முடியாது." மாடிக்குப் படியேறித் தொட்டிக்குத் தண்ணீர் சுமக்கும் முட்டிதானே! அரிவாள்மணை வேண்டாம், மேசையில் பலகையும் கத்தியும் போதும்.

ஒரு சமாதானத்தில் மட்டும் உண்மை இருக்கிறது. "உள்ள விடமாட்டேங்கறா சார்." என் வீட்டிலும் அப்படித்தான். கட்டுப் பிரித்த மறுநாளே என்னை வெளியேற்றப் பார்த்தாள். ஒரு பொரியலுக்கு ஒன்பது பாத்திரம் எடுத்தால் யார்தான் விடுவார்கள்? இப்போது மூன்று பாத்திரத்துக்கு வந்திருக்கிறேன். அடுப்பும் தாளிப்பும் அவளுடையது, ஆய்வதும் அரிவதும் கழுவுவதும் என்னுடையது என்று ஒரு ஒப்பந்தம். வடகம் மட்டும் இருவரும் சேர்ந்து. சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காய வைக்கிறோமே, அந்தத் தாளிப்பு வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வழக்கப்படி 'வடுவான்' என்று ஆக்கிப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். வெங்காயம் உரித்த கைகளைப் பற்றி அந்தப் புட்டியில் ஒன்றும் எழுதியிருக்காது.

பிரெஞ்சில் காய்கறித் தோட்டத்துக்கு 'பொத்தாஜே' என்று பெயர். 'பொத்தாஜ்' என்றால் சூப்பு. சூப்பிலிருந்துதான் தோட்டத்துக்கே பெயர் வந்தது. சின்ன வயதில் வெறும் சொல்லாகப் படித்தது, இப்போதுதான் விளங்குகிறது. சட்டியில் வேகாத வரை அது தோட்டம் ஆகாது. வெறும் செடிதான்.

ஆகவே என் வயது ஆண்களுக்கு மூன்று வார்த்தை. ஒன்று, பறித்தவனே அரிய வேண்டும். இரண்டு, உங்கள் கையால் அரிய முடிகிற அளவுக்கு மட்டும் விதை ஊன்றுங்கள். என் மூன்று பந்தலை ஒன்றாகக் குறைத்தேன், ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை. மூன்று, பக்கத்து வீட்டுக்குக் காய் கொடுப்பதானால் ஆய்ந்து கொடுங்கள். ஒரு முறம் கீரையை வேரும் மண்ணுமாக நீட்டினால், அந்த வீட்டு அம்மாவுக்கு அரைமணி வேலையைக் கொடுக்கிறீர்கள்.

இன்றைக்குப் பறித்தது: அவரை ஒரு கை, பிஞ்சுக் கத்தரி எட்டு, தூதுவளை கொஞ்சம். கத்தரியில் புளிக்குழம்பு, மேலே வடகம். தக்காளி கிடையாது, இந்த மழையில் அது ஏன் விலை ஏறுகிறது என்று புலம்பவும் வேண்டாம், புளி போதும். அவரையைப் பயத்தம்பருப்போடு கூட்டு. நெஞ்சுச் சளிக்குத் தூதுவளை ரசம். அவள் கைமணிக்கட்டு குளிர் வந்தால் இன்னும் முழுசாக மடங்குவதில்லை. தூதுவளை இலையில் முள் இருக்கும், ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். மணி எட்டாகப் போகிறது, நான் உட்கார வேண்டும். மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன்.