எண்பதுகள் திரும்பி வந்தன, அவர்கள் வரவில்லை

போன மாதம் என் தங்கை மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். சினிமாவில் ஒரு கலை இயக்குநரிடம் உதவியாளராக இருக்கிறான். வந்தவன் காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "மாமா, பரண்ல பழைய கேசட் ஏதாவது கிடக்கா?" என்று கேட்டான்.

அவர்கள் எடுக்கும் படத்தின் கதை 1986-ல் நடக்கிறதாம். ஒரு நடுத்தரக் குடும்பத்து வீடு, ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை, ஒரு தியேட்டர் வாசல் என்று மூன்று செட். எண்பதுகளின் சாமான்களைத் தேடி ஊர் ஊராக அலைகிறான். என் முழங்கால் ஏணிக்கு ஆகாது என்பதால் அவனே பரணில் ஏறினான். ஒரு செருப்புப் பெட்டி நிறைய கேசட், கைப்பிடி உடைந்த டிரான்சிஸ்டர், ஒரு மர்பி காலண்டர் எல்லாவற்றையும் இறக்கினான். "செம மாமா! எல்லாம் விண்டேஜ்" என்றான். "இதைத்தான் போன தீபாவளிக்கே பழைய பேப்பர்காரன்கிட்ட போடச் சொன்னேன்" என்றாள் என் மனைவி.

இரண்டு நாள் இருந்தான். அவனோடும், அவனுக்காக நான் தேடிப்போன பழைய நண்பர்கள் இரண்டு பேரோடும் பேசியதில் எனக்குச் சில எண்ணங்கள் வந்தன. ஒன்று என்னை உறுத்தவும் செய்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரெக்கார்டிங் கடை. "சுவர் என்ன கலர் மாமா?" என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஞாபகம் இருப்பது அந்தக் காகிதச் சீட்டுதான். நமக்குப் பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதி, ஒரு அறுபது நிமிட கேசட்டோடு கடையில் கொடுக்க வேண்டும். ஏ பக்கத்துக்கு ஆறு, பி பக்கத்துக்கு ஆறு. எது முதலில், எது கடைசியில் என்று ராத்திரி முழுக்க யோசிப்போம். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது எல்.பி. இல்லைண்ணே, வேற எழுதுங்க" என்பார். ஒரு வாரம் கழித்துப் போனால், "கரண்ட் இல்லைண்ணே, நாளைக்கு வாங்க" என்பார். கடைசியில் கையில் வரும்போது ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் நிற்கும். இன்றைக்கும் அந்தப் பாட்டை வானொலியில் கேட்டால் அந்த இடம் வந்ததும் என் மனம் தானாக நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். நாங்கள் செய்தது இன்றைய கணக்கில் திருட்டு. அந்தக் கேசட்டுக்கு நான் கொடுத்த பணத்தில் இசையமைத்தவருக்கோ பாடியவருக்கோ ஒரு பைசா போகவில்லை. அன்று யாருக்கும் அது தோன்றவே இல்லை. இன்று பேரப்பிள்ளைகள் படத்தை எங்கிருந்தோ இறக்கிப் பார்த்தால், "உழைச்சவன் வயித்துல அடிக்காதே" என்று நாம் உபதேசம் செய்கிறோம்!

இந்த எண்பதுகள் மோகம் திடீரென்று வந்ததல்ல. 2008-ல் சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' வந்தபோது நம் மதுரையே 1980-க்குத் திரும்பிப் போய்விட்டது போல இருந்தது. 'கல்லுக்குள் ஈரம்' படத்துப் பாட்டு ஒன்று இருபத்தெட்டு வருடம் கழித்து மறுபடி எல்லோர் வாயிலும் வந்தது. 2018-ல் '96'. 2024-ல் 'லப்பர் பந்து' படத்தில் 'பொன்மனச் செல்வன்' பாட்டு ஒலித்தபோது தியேட்டரே எழுந்து ஆடியது. அதற்கு ஆடியவர்களில் பாதிப் பேர் அந்தப் பாட்டு வந்த 1989-ல் பிறந்தே இருக்க மாட்டார்கள்.

என் மருமகனும் 1995-ல் பிறந்தவன். "நீ பார்க்காத காலத்தை நினைச்சு உனக்கு என்னடா ஏக்கம்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துச் சொன்னான். "அப்போ ஒரு நேரத்துல ஒரே விஷயம்தான் இருந்துச்சு மாமா. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' போட்டா எல்லாரும் அதைத்தான் பார்த்தீங்க. மறுநாள் எல்லாரும் அதைப் பத்தியே பேசுனீங்க. இப்ப எங்க வீட்டுல நாலு பேர், நாலு போன். எல்லாம் கையில இருக்கு. ஆனா சேர்ந்து பேசுறதுக்கு ஒண்ணும் இல்லை."

எனக்கு மனசு இளகிவிட்டது. உண்மைதானே? 1987-ல் 'ராமாயணம்' தொடர் வந்தபோது இந்தியில் ஒரு வார்த்தை புரியாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே உட்கார்ந்து பார்த்தது. வெளியே நடந்தால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே குரல் கேட்கும்.

ஆனால் அவனிடம் அதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் முதலில் டி.வி. வாங்கியது ஒரே ஒரு வீடு. கூடத்தில் பாய் விரித்து எல்லோரையும் உட்காரவைப்பார்கள். எல்லோரையும் என்றால், எல்லோரையும் அல்ல. தெருக்கோடியில் இருந்த சில வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். யாரும் அவர்களைப் 'போ' என்று விரட்டவில்லை. 'வா' என்றும் கூப்பிடவில்லை. நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞன், பாயில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தவன். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அந்தச் சின்ன விரல்கள் இப்போதும் ஞாபகம் இருக்கின்றன. அன்று எழுந்து போய் நான் அவர்களை உள்ளே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

"உங்க செட்டுல அந்த ஜன்னல் வருமாடா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. போனில் ஏதோ குறித்துக்கொண்டான்.

மறுநாள் அவனை என் நண்பர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். எண்பதுகளில் மெல்லிசைக் குழுவில் தபேலா வாசித்தவர். மாரியம்மன் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று மாதத்தில் இருபது நாள் கச்சேரி இருக்கும். மேடையில் பதினைந்து பேராவது இருப்பார்கள். வயலின் மூன்று, புல்லாங்குழல், கிடார், கோரஸ் பாட நாலு பெண்கள்.

"இப்பவும் கூப்பிடுறாங்க சார்" என்றார். "எண்பதுகள் பாட்டு மட்டும் போதும்னு கண்டிஷன் போட்டே கூப்பிடுறாங்க. ஆனா மேடையில அஞ்சு பேர்தான். மிச்சமெல்லாம் டிராக்ல ஓடுது. பாட்டு திரும்பி வந்துருச்சு, வாசிச்சவன் வரலை."

அவரே இன்னொன்றும் சொன்னார். "தம்பி, அப்ப நாங்க பழசுன்னு நினைச்சு எதையும் வாசிக்கலை. எல்லாம் புதுசு. 'புன்னகை மன்னன்', 'விக்ரம்' ரெண்டும் 1986-ல வந்தப்ப அந்த எலக்ட்ரானிக் சத்தத்தைக் கேட்டு அசந்து போனோம். எப்படியாவது ஒரு கீபோர்டு வாங்கணும்னு கடன் வாங்கினோம். அந்தக் கீபோர்டுதான் பின்னால வயலின்காரங்க மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்புச்சு."

இதை நம் வயதுக்காரர்கள் நன்றாக யோசிக்க வேண்டும். எண்பதுகளை நாம் பொற்காலம் என்கிறோம். அன்று என் அப்பா என்ன சொன்னார்? "தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கு, இது ஒரு பாட்டா" என்றார். அவருக்கு பாகவதரோடு சங்கீதம் முடிந்துவிட்டது. 1980-ல் வந்த பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தை இன்று பிள்ளைகள் உடைக்காகவும் தலைமுடிக்காகவும் பார்க்கிறார்கள். அது வேலை கிடைக்காத இளைஞர்களின் பசியைப் பற்றிய படம். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் வாசலில் கார்டைப் புதுப்பிக்க வரிசையில் நின்ற நமக்கு அது தெரியும். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். டெலிபோனுக்கும் அப்படித்தான். பாட்டு நன்றாக இருந்தது உண்மை. வாழ்க்கை முழுவதும் பாட்டு மாதிரி இருந்தது என்று சொன்னால் அது பொய்.

இனி என்னை உறுத்திய விஷயம்.

தியேட்டர் வாசல் செட்டுக்குக் கையால் வரைந்த பேனர் வேண்டும் என்றான் மருமகன். எனக்குத் தெரிந்த பேனர் ஓவியர் ஒருவர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். ஒரு காலத்தில் தங்கம் தியேட்டர் வாசலில் அவருடைய குழு சாரத்தில் ஏறி வேலை செய்வதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். இப்போது அந்தத் தியேட்டரே இல்லை.

அந்த வேலை எப்படி என்பதை மருமகனுக்கு அவர் பொறுமையாகச் சொன்னார். கம்பெனியிலிருந்து வரும் சின்ன ஸ்டில் போட்டோவில் கட்டம் போடுவார்கள். துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, அடிப்பூச்சு பூசி, அதிலும் பெரிய கட்டம் போடுவார்கள். ஒரு கட்டத்தில் இருப்பதை ஒரு கட்டத்தில் வரைய வேண்டும். பக்கத்தில் நிற்பவனுக்கு அது மூக்கா, முழங்காலா என்றே தெரியாது. நடுநடுவே இறங்கிப் போய், தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவார்கள்.

மருமகனின் திட்டம் வேறு. அவரிடம் இருந்த பழைய பேனர் போட்டோக்களை ஸ்கேன் செய்து, ஃபிளெக்ஸில் அடித்து, மேலே கொஞ்சம் அழுக்கேற்றிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தான். தயங்கித் தயங்கி அதைச் சொன்னான்.

அவர் கோபப்படவில்லை. "தாராளமா எடுத்துக்கங்க தம்பி" என்றார். பிறகு சொன்னார்: "கிட்டப் போய்ப் பார்த்தா ஹீரோ கன்னம் பச்சையா இருக்கும், கழுத்து ஊதாவா இருக்கும். ரோட்டுக்கு அந்தாண்ட நின்னாத்தான் அது நிழலாத் தெரியும். ஃபிளெக்ஸ்ல அது வராது. எல்லாரும் எங்களை நினைக்கிறீங்க, சந்தோசம். வேலைன்னு வர்றப்ப மட்டும் யாரும் நினைக்கறதில்லை."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். குனிய வேண்டியது நான்.

2005-ல் என் மகளுக்குக் கல்யாணம். மண்டப வாசலுக்கு வரவேற்பு பேனர் வேண்டும். அதுவரை நம் தெருவில் எந்த விசேஷம் என்றாலும் துணி பேனர் எழுதுவது அவர்தான். பத்து நாளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, "சார், பாப்பா கல்யாணத்துக்கு எப்ப எழுத ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார். நான் முதல் நாள்தான் ஃபிளெக்ஸ் கடையில் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். விலை குறைவு, ஒரே நாளில் கிடைக்கும், மாப்பிள்ளை பெண் போட்டோவும் வரும். அதை அவரிடம் சொன்னேன். "சரிங்க சார், நல்லா நடக்கட்டும்" என்றார். கல்யாணத்துக்கும் வந்தார். வாசலில் நின்று அந்த ஃபிளெக்ஸை ஒரு நிமிடம் பார்த்தார். மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்.

இத்தனை வருடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அன்று மருமகன் வெளியே போன் பேசப் போனபோது சொன்னேன். "அன்னைக்கு உங்களை எழுதச் சொல்லியிருக்கணும்ணே. தப்புப் பண்ணிட்டேன்."

சிரித்தார். "நீங்க மட்டுமா சார், ஊரே அப்படித்தான்" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஊரே அப்படித்தான் என்பது ஒவ்வொரு வீடாகச் சேர்ந்ததுதானே? முதல் வீடாக இல்லாவிட்டாலும் பத்தாவது வீடு என்னுடையது.

மருமகன் சென்னைக்குப் போய்த் தன் இயக்குநரிடம் பேசியிருக்கிறான். மூன்று பேனரில் ஒன்றை மட்டும் கையால் வரையப் பணம் ஒதுக்கினார்கள். மற்ற இரண்டும் ஃபிளெக்ஸ்தான். ஓவியருக்குக் கை லேசாக நடுங்குகிறது. முன்பு அவரிடம் எடுபிடியாக இருந்து இப்போது ஆட்டோ ஓட்டுகிறவர் மூன்று நாள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து கட்டம் போட்டுக் கொடுத்தார். மொட்டை மாடியில் வேலை நடந்தது. நான் தினமும் போய் உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும் தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். பச்சைக் கன்னம் நிழலாகத்தான் தெரிந்தது.

என் கருத்து இதுதான். எண்பதுகளை இளைஞர்கள் தேடி வருவது நல்ல விஷயம். அவர்களைக் கேலி செய்யாமல், பீற்றிக்கொள்ளாமல், உள்ளதை உள்ளபடி சொல்வோம். பாயையும் சொல்வோம், ஜன்னலையும் சொல்வோம். அந்தக் காலத்தைக் கையால் செய்த மனிதர்கள் சிலர் இன்னும் நம் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். அவர்களை நினைத்து உருகுவதைவிட ஒரு வேலை கொடுப்பது மேல்.

எங்கள் குடியிருப்பில் வரும் பொங்கலுக்கு 'எண்பதுகள் இரவு' நடத்தப்போகிறார்களாம். வாசலில் வைக்க ஃபிளெக்ஸ் டிசைன் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. பேனரைக் கையால் எழுதச் சொல்லலாம், கூடுதல் செலவை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தபேலாவுக்கும் ஆள் இருக்கிறார் என்றேன். செயலாளர், "பட்ஜெட் பார்க்கணும் சார்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். போய்ப் பேசப்போகிறேன்.