பெயரிலேயே இந்தியா: சாதாரண படர்தாமரை 'புதிய இனம்' ஆனது எப்படி?

"அண்ணா, இடுப்புல ஒரே அரிப்பு, ஒரு ட்யூப் குடுங்க." ஆவடியை அடுத்த வெள்ளானூர் ஆகட்டும், அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆகட்டும், மெடிக்கல் ஷாப்பில் சகஜமாகக் கேட்கும் பேச்சு இது. புழுக்கம், வியர்வை, நாள் முழுக்க இறுக்கமான உடை என்றால் படர்தாமரை எட்டிப் பார்க்கும். முன்பெல்லாம் சில வாரம் மருந்து தடவினால் போய்விடும். இப்போது பலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது. போனாலும் திரும்பி வருகிறது. காரணம், பூஞ்சையே மாறிவிட்டது.

யார் இந்த 'இண்டோடினியே'?

ஜப்பானில் இருந்த ஓர் இந்தியர், ஒரு நேபாளி ஆகியோரின் தோலில் எடுத்த பூஞ்சையை அந்நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தனர். வழக்கமான 'டெர்பினஃபைன்' மருந்துக்கு அது அசையவே இல்லை. 2020-ல் அதைத் தனி இனமாக அறிவித்து, 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் வைத்தனர். 'இண்டோ' என்றால் இந்தியா. 'டினியா' என்பது படர்தாமரையின் மருத்துவப் பெயர்.

மரபணுவில் என்ன மாறியது?

பூஞ்சையின் செல் சவ்வுக்கு 'எர்கோஸ்டெரால்' என்ற கொழுப்பு அவசியம். அதைத் தயாரிக்க உதவும் ஒரு நொதியில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துவதுதான் டெர்பினஃபைன். அந்த நொதிக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே போதும், 397-வது இடத்தில் ஓர் அமினோ அமிலத்துக்குப் பதில் வேறொன்று வந்து உட்காரும். பூட்டு மாறிவிட்டது, பழைய சாவி சேராது. டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவன ஆய்வாளர்கள் 2018-லேயே இத்தகைய மாற்றம் கொண்ட பூஞ்சைகளை நோயாளிகளிடம் கண்டறிந்தனர்.

அப்போ மருந்துதான் மாத்திடுச்சா?

இல்லை. பூஞ்சை பெருகும்போது மரபணுவில் தற்செயலாகப் பிழைகள் வரும். களைக்கொல்லி அடித்த வயலில் சாகாமல் நின்ற நாலு செடிதான் அடுத்த போகத்தில் வயலையே நிரப்பும். இங்கேயும் அதே கதைதான்: மருந்து மற்றவற்றைக் கொன்றது; பிழையோடு தப்பியது பெருகியது.

அதற்கு வழிவிட்டதில் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களுக்குப் பெரும் பங்கு இருப்பதாகத் தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர். ஸ்டீராய்டு, பாக்டீரியா மருந்து, பூஞ்சை மருந்து எல்லாம் ஒரே ட்யூபில் இருக்கும். ரெண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். பூஞ்சை உள்ளுக்குள் பரவும். 'சரியாயிடுச்சு' என்று பாதியில் நிறுத்தினால், தப்பிய பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான்.

இது உண்மையிலேயே புதிய இனமா?

இதில் விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. மரபணு அளவில் இது ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பதால், 'மென்டாக்ரோஃபைட்டிஸ்' என்ற பழைய இனத்தின் ஒரு கிளைதான் என்கிறார்கள் சிலர். ஆனால், மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தொற்றுகிறது, மருந்துக்கு அடங்க மறுக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 2023-ல் நியூயார்க்கில் இருவருக்கு இந்தத் தொற்று இருந்ததை அமெரிக்கா அறிவித்தது. அதில் ஒருவர் வெளிநாடே போகாதவர்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* ட்யூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரைக்கு நீங்களாகத் தடவாதீர்கள்.
* தோலைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் எளிய சோதனையிலேயே பூஞ்சையா என்று தெரியும். அது எந்த இனம் என்று உறுதிசெய்ய மரபணுச் சோதனை தேவை.
* டெர்பினஃபைன் கேட்காவிட்டால் 'இட்ராகோனசோல்' மாத்திரை உண்டு. மற்ற மருந்துகளோடு மோதக்கூடியது என்பதால் டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.
* வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் சேர்ந்தே சிகிச்சை எடுங்கள். துண்டு, உள்ளாடையைத் தனியாக வையுங்கள். வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.
* அரிப்பு நின்றாலும், டாக்டர் சொன்ன நாள் வரை மருந்தை நிறுத்தாதீர்கள். பாதியில் விட்டால் மிஞ்சுவது மருந்தைத் தாங்கும் பூஞ்சையாகவே இருக்கலாம். அடுத்து அது தொற்றப்போவது உங்கள் வீட்டில் இருப்பவருக்குத்தான்.